ஈறு பாக்காதீங்க, பால் பாருங்க: லத்தீன்ல பெயரும் அடையும் சேர்ற விதம்

குங்குமப்பூ செடிக்கு அறிவியல் பேரு க்ரொகுஸ் ஸதீவுஸ். நெல்லுக்கு ஒரீஸ ஸதீவ. பூண்டுக்கு அல்லியும் ஸதீவும். மூணும் லின்னேயஸ் 1753ல போட்ட புத்தகத்துல இருக்கற பேருங்க. ரெண்டாவதா வர்ற சொல்லு மூணுலயும் ஒண்ணுதான், பயிர் பண்ற வகைன்னு அர்த்தம், ஆனா மூணு இடத்துலயும் முடியற விதம் வேற வேற. க்ரொகுஸ் ஆண்பால் அதனால ஸதீவுஸ், ஒரீஸ பெண்பால் அதனால ஸதீவ, அல்லியும் ரெண்டும் இல்லாத பொதுப்பால் அதனால ஸதீவும். லத்தீன் இலக்கணத்துல பெயரும் பெயரடையும் ஒத்துப்போகணும்னு சொல்றது இதத்தான்.

இந்த மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா மனசு தானா ஒரு ரூல் போட்டுக்கும். உஸ்ல முடிஞ்சா உஸ், அகரத்துல முடிஞ்சா அகரம், உம்ல முடிஞ்சா உம். நம்ம செய்யுள்ல அடியோட கடைசி ஒத்து வந்தா இயைபுத் தொடைன்னு சொல்றோம்ல, அதே மாதிரி காதுக்கு ஒத்து வந்தா போதும்னு தோணும். நான் இங்க எழுத வந்ததே அந்த ரூல் கிடையாதுன்னு சொல்லத்தான். லத்தீன்ல அடை பெயரோட ஈற்ற காப்பி அடிக்கறதில்ல. அது பெயர்கிட்ட மூணே மூணு விவரம் கேக்குது: என்ன பால், ஒருமையா பன்மையா, எந்த வேற்றுமை. அந்த மூணையும் வாங்கிக்கிட்டு தன்னோட சொந்த வாய்பாட்டுல (ஒரு சொல்லு எந்த வேற்றுமையில எப்படி முடியும்ங்கற பட்டியல்) போய் அதுக்குரிய வடிவத்த எடுத்துக்கிட்டு வருது. ரெண்டு வாய்பாடும் ஒண்ணா இருந்தா ஈறு ஒத்துப்போகும், இல்லன்னா போகாது, எப்படி இருந்தாலும் அது இலக்கணப்படி சரிதான்.

எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு தொடர்லயே இதப் பாக்கலாம். மென்ஸ் ஸான இன் கொர்பொரெ ஸானோ, ஆரோக்கியமான உடம்புல ஆரோக்கியமான மனசு. யுவெனாலிஸ்ங்கற கவிஞரோட வரி. மென்ஸ்னா மனசு, பெண்பால், எழுவாய், அதனால ஸான. கொர்பொரெ உடம்புல, பொதுப்பால், இன்-ங்கற சொல்லுக்கு அப்புறம் வர்ற வேற்றுமை, அதனால ஸானோ. மென்ஸுக்கும் ஸானவுக்கும் கடைசியில எதுவும் ஒட்டல, கொர்பொரெவுக்கும் ஸானோவுக்கும் ஒட்டல, ஆனா ரெண்டு ஜோடியும் நூத்துக்கு நூறு சரி. முதல் பாடமா இதத்தான் வைக்கணும்னு நான் நினைக்கறேன். நெறைய பாடப்புத்தகம் புவெல்ல பொன (நல்ல பொண்ணு), ஸெர்வுஸ் பொனுஸ் (நல்ல அடிமை)ன்னு ஆரம்பிக்குது, அது ரெண்டும் அழகா இயைஞ்சு வர்றதால படிக்கறவங்க மனசுல இயைபுதான் ரூல்னு ஆழமா பதிஞ்சிடுது, அப்புறம் அத வெளிய எடுக்கறது பெரிய வேலை.

உஸ்னு முடியற சொல்லுங்கள மட்டும் எடுத்துக்கிட்டாலே போதும். ஸெர்வுஸ் ஆண்பால், ஸெர்வுஸ் பொனுஸ். க்வெர்குஸ்னா ஓக் மரம், லத்தீன்ல மரங்க பெரும்பாலும் பெண்பால், அதனால உயரமான ஓக் மரம் க்வெர்குஸ் அல்த. வெள்ளை ஓக்குக்கு இன்னைக்கும் தாவரவியல்ல க்வெர்குஸ் அல்பன்னுதான் பேரு, அல்புஸ் இல்ல. மனுஸ்னா கை, பெண்பால், வலது கை மனுஸ் தெக்ஸ்த்ர. கொர்புஸ்னா உடம்பு, பொதுப்பால், கொர்புஸ் ஸானும். நாலு பெயரும் ஒரே மாதிரி முடியுது, கூட வர்ற அடைங்க மூணு விதமா முடியுது. மறுபக்கம் நவ்தன்னா மாலுமி, அக்ரிகொலன்னா விவசாயி, ரெண்டும் அகரத்துல முடிஞ்சாலும் ஆண்பால், அதனால நவ்த பொனுஸ், அக்ரிகொல பொனுஸ். இந்தக் கை விஷயம் லத்தீனோட முடியல. இத்தாலியன்லயும் ஸ்பானிஷ்லயும் லா மானோன்னுதான் இன்னைக்கும் சொல்றாங்க. ஓகாரத்துல முடியற சொல்லு அங்க வழக்கமா ஆண்பால்தான், ஆனாலும் லாங்கற பெண்பால் சொல்லு முன்னாடி நிக்குது, ரோமானியங்க மனுஸ பெண்பாலா வச்சிருந்ததோட தொடர்ச்சி அது.

நமக்கு இங்க முதல்ல இடிக்கற விஷயம் மரமும் கையும் எப்படி பெண்பால் ஆகும்னுதான். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தோட முதல் நூற்பாவே மக்கள்னா உயர்திணை, அவங்க அல்லாத மத்ததெல்லாம் அஃறிணைன்னு பிரிச்சு வச்சிடுது. நம்ம மொழியில பால் பொருள பாத்து வர்றது. மரம் அஃறிணை, கை அஃறிணை, பேச்சே இல்ல. லத்தீன்ல மனுஷங்களுக்கு பொருள் பாத்து பால் வருது (அதனாலதான் மாலுமி அகரத்துல முடிஞ்சாலும் ஆண்பால்), மத்ததுக்கெல்லாம் சொல்லோட குணமா ஒட்டியிருக்கு. மேஜை பெண்பால், போர் பொதுப்பால், தோட்டம் ஆண்பால். ஏன்னு கேட்டு பிரயோஜனம் இல்ல, பெயர மனப்பாடம் பண்ணும்போதே பாலையும் சேத்துப் பண்ணணும். ஹிந்தி தெரிஞ்சவங்களுக்கு இது பழகின விஷயமாத்தான் இருக்கும், அச்சா லட்கா, அச்சீ லட்கீன்னு அங்கயும் அடை மாறுது.

தமிழ்ல அடை மாறாது. நல்ல பையன், நல்ல பொண்ணு, நல்ல மரம், நல்ல பசங்களுக்கு, நல்ல மரத்துல. "நல்ல" அப்படியே நிக்கும், பாலும் எண்ணும் வேற்றுமையும் பெயரோட போகும். அதனால தமிழ் பேசறவங்களுக்கு லத்தீன் அடை ரொம்ப அந்நியமா இருக்கும்னு சிலர் சொல்றாங்க, நான் அத ஒத்துக்கமாட்டேன். நம்மகிட்ட இந்த ஒத்துப்போற பழக்கம் வினையில முழுசா இருக்கு. வந்தான், வந்தா, வந்துச்சு, வந்தாங்க. "அந்தப் பொண்ணு நேத்து வந்தான்"னு யாராவது சொன்னா காது உடனே கூசும், ஸ்கூல்ல அதுக்கு பால்வழுன்னு பேரே சொல்லிக் குடுத்திருக்காங்க. லத்தீன்ல பெயருக்கும் அடைக்கும் நடுவுல தப்பு வரும்போது அவங்க காதுக்கு கூசினது இதே கூச்சம்தான். நமக்கு அந்தக் காது ஏற்கனவே இருக்கு, அத வினையிலேருந்து அடைக்கு நகத்தினா போதும்.

இன்னும் கிட்டத்துல போய் பாத்தா நம்ம மொழியிலயே அடை மாதிரியான சொல்லு பாலெடுத்து நிக்கற இடம் ஒண்ணு இருக்கு. நல்லவன், நல்லவ, நல்லது, நல்லவங்க. லத்தீன்ல பொனுஸ்னு தனியா சொன்னா நல்லவன், பொனன்னு தனியா சொன்னா நல்லவ, பொனும்னா நல்லது, பொனீன்னா நல்லவங்க. அப்படியே ஒண்ணுக்கொண்ணு பொருந்துது. "அம்மா நல்லவ" அப்படின்னு சொல்றோம்ல, அதே இடத்துல அவங்க மாதெர் பொன எஸ்த்ங்கறாங்க. வித்தியாசம் எங்கன்னா நாம பெயருக்கு முன்னாடி வைக்கறப்போ "நல்ல"ன்னு மொட்டையா வைக்கறோம், தனியா நிக்கறப்போ மட்டும் பால் குடுக்கறோம், அவங்க ரெண்டு இடத்துலயும் பால் குடுத்த வடிவத்தையே வைக்கறாங்க. நல்ல மாலுமின்னு சொல்ல அவங்க சொல்றது கிட்டத்தட்ட மாலுமி-நல்லவன், நல்ல மாலுமிக்குன்னா மாலுமிக்கு-நல்லவனுக்கு. இப்படி யோசிச்சா அடைக்கு ஏன் வேற்றுமை உருபு வருதுங்கற கேள்வியே எழாது. நல்லவனுக்கு-ன்னு நாமளும் சொல்றோமே.

பழைய ரோமானிய இலக்கணக்காரங்களும் இத இப்படித்தான் பாத்திருக்காங்க. 4ம் நூற்றாண்டுல தொனாதுஸ்னு ஒரு ஆசிரியர், பைபிள லத்தீனுக்கு கொண்டுவந்த ஜெரோமுக்கு வாத்தியாரா இருந்தவர், எழுதின சின்ன இலக்கண நூல் ஐரோப்பாவுல பல நூற்றாண்டு பசங்களோட முதல் பாடப்புத்தகமா இருந்துச்சு. அவர் சொல்ற சொல்வகை எட்டு. அதுல பெயர் இருக்கு, வினை இருக்கு, இடைச்சொல் மாதிரி சிலது இருக்கு, பெயரடைன்னு தனி வகை கிடையாது. அடையும் பெயர்லயே ஒரு இனம்னுதான் கணக்கு. ரெண்டு பெயரு பக்கத்துல நின்னு ஒரே பொருள காட்டுது, அதனால ரெண்டுமே வேற்றுமை ஏத்துக்குது, அவ்வளவுதான்.

இப்ப ஒரு முழு வாய்பாட்ட ஓட்டிப் பாக்கலாம், அதுக்கு முன்னாடி எழுத்தப் பத்தி கொஞ்சம் சொல்லணும், எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் இது. லத்தீன்ல குறில் நெடில் வித்தியாசம் இலக்கணத்தையே மாத்தும், ஆனா சாதாரணமா அச்சடிக்கற லத்தீன்ல அது தெரியாது, பாடப்புத்தகத்துல மட்டும் உயிரெழுத்து மேல ஒரு கோடு போட்டுக் காட்டுவாங்க. ரோமானியங்களே கல்வெட்டுல சில நேரம் நெடிலுக்கு மேல ஒரு சாய்கோடு போட்டிருக்காங்க. தமிழ் எழுத்துல எழுதினா இந்தப் பிரச்சனையே இல்ல. ரோஜா எழுவாயா வந்தா ரொஸ, "ரோஜாவால, ரோஜாவுல"ங்கற வேற்றுமையில வந்தா ரொஸா. எகரம் ஏகாரம், ஒகரம் ஓகாரம் எல்லாத்துக்கும் நம்மகிட்ட தனித்தனி எழுத்து இருக்கு. ப-வும் ப-வோட இன்னொரு ஒலியும் ஒரே எழுத்துல வர்றது மாதிரி சில இழப்பு இருக்குதான், ஆனா பெயரும் அடையும் சேர்றதக் கத்துக்க ஈற்றுல இருக்கற உயிரோட அளவுதான் முக்கியம், அது தமிழ் எழுத்துல பளிச்சுன்னு தெரியுது. நான் வாய்பாடெல்லாம் நோட்டுல தமிழ்லதான் எழுதி வச்சிருக்கேன்.

நவ்த பொனுஸ், நல்ல மாலுமி. மாலுமியை, நவ்தம் பொனும். மாலுமியோட, நவ்தை பொனீ. மாலுமிக்கு, நவ்தை பொனோ. மாலுமியால, மாலுமிகிட்டேருந்துங்கற மாதிரி நம்ம மூணு அஞ்சு ஏழு வேற்றுமைங்க செய்யற வேலைய சேத்து செய்யற ஒரே வேற்றுமையில, நவ்தா பொனோ. பன்மையில மாலுமிங்க நவ்தை பொனீ, மாலுமிங்கள நவ்தாஸ் பொனோஸ், மாலுமிங்களோட நவ்தாரும் பொனோரும், மாலுமிங்களுக்கு நவ்தீஸ் பொனீஸ்.

இதுல நவ்தைங்கற ஒரே வடிவம் எத்தனை தடவை வந்துச்சுன்னு பாருங்க. மாலுமியோட, மாலுமிக்கு, மாலுமிங்க, மூணுக்கும் அதேதான். ஒரு வாக்கியத்துல நவ்தைன்னு தனியா பாத்தா எதுன்னு சொல்ல முடியாது, பக்கத்துல பொனோ வந்துச்சுன்னா சந்தேகமே இல்லாம மாலுமிக்கு. பொனீ வந்தா மாலுமியோட இல்லன்னா மாலுமிங்க, ரெண்டுல எதுன்னு வினை சொல்லிடும். அடை அலங்காரத்துக்கு வர்ற சொல்லுன்னு நாம நினைச்சுட்டு இருக்கோம், இங்க பெயரோட வேற்றுமைய அடைதான் சொல்லுது. இதே நவ்தைக்கு பக்கத்துல அடையும் பெயர மாதிரியே முடிஞ்சிருந்தா இந்த உதவி கிடைச்சிருக்காது. ஈறு ஒத்துப்போகாததுதான் இங்க வாசகருக்கு லாபம்.

அடைங்கள்ல ரெண்டு பெரிய கூட்டம் இருக்கு. ஒண்ணு பொனுஸ், பொன, பொனும்னு மூணு பாலுக்கும் மூணு வடிவம் வச்சிருக்கற கூட்டம். இன்னொண்ணுல நெறைய அடைங்க ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வடிவம், பொதுப்பாலுக்கு மட்டும் வேற. இதுக்கு நான் பாத்ததுலயே அழகான உதாரணம் உடற்கூறியல்ல இருக்கு. வயித்துல இருக்கற குழந்தையோட இதயத்துல வலது மேலறைக்கும் இடது மேலறைக்கும் நடுவுல ஒரு முட்டை வடிவ துவாரம் இருக்கும், அதுக்கு ஃபொராமென் ஒவாலென்னு பேரு. பொறந்ததுக்கப்புறம் அது மூடிக்கும், மூடின இடத்துல ஒரு சின்ன பள்ளம் நிக்கும், அதுக்குப் பேரு ஃபொஸ்ஸ ஒவாலிஸ். துவாரம்ங்கற சொல்லு பொதுப்பால், அதனால ஒவாலெ. பள்ளம்ங்கற சொல்லு பெண்பால், அதனால ஒவாலிஸ். ஒரே இடம், ஒரே இதயம், பெயர்ச்சொல்லு மாறினதும் அடை கூடவே மாறிடுச்சு. மருத்துவம் படிக்கறவங்க இத ரெண்டு தனித்தனி பேரா உருப்போடறாங்க, பின்னாடி இருக்கற ஒரே ரூல யாராவது ஒருதடவை சொல்லிக் குடுத்தா இந்த மாதிரி நூறு பேரு சுலபமாயிடும்.

ஃபேலீக்ஸ் மாதிரி சில அடைங்களுக்கு எழுவாய் ஒருமையில மூணு பாலுக்குமே ஒரே வடிவம்தான், அதிர்ஷ்டக்கார பையன், பொண்ணு, காலம் எல்லாமே ஃபேலீக்ஸ். எண்ணுங்கள்ல ஒண்ணு ரெண்டு மூணு மட்டும் மாறும், நாலுலேருந்து நூறு வரைக்கும் எதுக்கும் அசையாது. இதெல்லாம் போகப் போக பழகிடும்.

உயிரியல்ல இந்த ரூல் வெறும் பழக்கமா இல்ல, சட்டமாவே இருக்கு. விலங்குகளுக்கு பேரு வைக்கற சர்வதேச விதிப்படி இனப்பேரு (ரெண்டாவது சொல்லு) பெயரடையா இருந்தா பேரினத்தோட (முதல் சொல்லோட) பாலுக்கு ஒத்துப்போகணும். சிட்டுக்குருவி பாஸெர் தொமெஸ்திகுஸ், ஆண்பால். தகைவிலான் ஹிருந்தோ ரூஸ்திக, பெண்பால். குயிலுக்கு ரொம்ப நாள் யூடைனமிஸ் ஸ்கோலோபேசியான்னு எழுதிட்டு இருந்தாங்க, பேரினத்தோட பேரு ஆண்பால்னு தெளிவானதும் ஸ்கோலோபேசியஸ்னு மாத்திட்டாங்க. பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சி ஆராயறவங்க நெறைய பேரு இந்த மாத்தற வேலையே வேண்டாம், முதல்ல எப்படி எழுதினாங்களோ அப்படியே இருக்கட்டும்னு சொல்றாங்க, டேட்டாபேஸ்ல தேடறப்போ ஒரே பூச்சிக்கு ரெண்டு ஸ்பெல்லிங் வர்றது தொல்லைங்கறது அவங்க பக்க நியாயம். எனக்கு மாத்தறதுதான் சரின்னு படுது. பேரு லத்தீன்னு சொல்லிட்டு லத்தீனோட அடிப்படை பழக்கத்த விட்டா அது எந்த மொழியும் இல்லாம போயிடும்.

ஆனா இவ்வளவும் எதுக்குங்கறது கவிதைக்கு போனாத்தான் முழுசா புரியும். தமிழ்ல "நல்ல"ன்னு சொன்னா பெயர் அதுக்கு பின்னாடியே வந்தாகணும், "நல்ல நேத்து வந்தான் பையன்"னு பிரிச்சு வைக்க முடியாது, ஏன்னா "நல்ல" யாரோடதுன்னு காட்ட அதுகிட்ட எதுவும் இல்ல, இடம்தான் காட்டுது. லத்தீன் அடைக்கு அந்தக் கட்டாயம் இல்ல. மூணு விவரத்த சுமந்துக்கிட்டு இருக்கறதால எவ்வளவு தள்ளி நின்னாலும் தன் பெயர் எதுன்னு காட்டும். கி.மு. 23ல ஹொராஸ்ங்கற ரோமானியக் கவிஞர் வெளியிட்ட ஓட்ஸ் (Odes)ங்கற பாட்டுத் தொகுப்போட முதல் புத்தகத்துல அஞ்சாவது பாட்டு இப்படி ஆரம்பிக்குது:

க்விஸ் முல்தா க்ரகிலிஸ் தே புவெர் இன் ரொஸா
பெர்ஃபூஸுஸ் லிக்விதீஸ் உர்கெத் ஒதோரிபுஸ்
க்ராதோ, பிர்ர, ஸுப் அந்த்ரோ?

பிர்ரங்கற பொண்ண கூப்பிட்டு கேக்கறார், வாசனை திரவியத்துல நனைஞ்ச எந்த மெலிஞ்ச பையன் ரோஜா குவியல்ல, இதமான குகைக்குள்ள உன்னை நெருக்கறான்னு. முதல் வரிய சொல்லு சொல்லா பாருங்க. முல்தா, "நெறைய", நெடில்ல முடியுது, பெண்பால் ஒருமை, எதையோ எதிர்பாத்து நிக்குது. க்ரகிலிஸ், "மெலிஞ்ச", இதுவும் இன்னும் பெயர் கிடைக்காம நிக்குது. தே, "உன்னை". அப்புறம் புவெர், பையன், க்ரகிலிஸுக்கு பெயர் கிடைச்சிடுச்சு. கடைசியா இன் ரொஸா, முல்தாவுக்கும் கிடைச்சிடுச்சு. ரோஜா ரெண்டு ஓரத்துல நிக்குது, அதுக்குள்ள ரெண்டு பக்கமும் பையன், நட்ட நடுவுல அந்தப் பொண்ணு. ரோஜாவுக்குள்ள பையன் அவள கட்டிப்பிடிச்சு இருக்கற காட்சிய சொல்லோட வரிசையே வரைஞ்சு காட்டுது. பெயரும் அடையும் ஒத்துப்போகாத ஒரு மொழியில இந்த வரிய இந்த வரிசையில எழுதவே முடியாது.

ரெண்டாவது வரியில லிக்விதீஸ் ஒதோரிபுஸ். ஒண்ணு ஈஸ், இன்னொண்ணு இபுஸ், நடுவுல வினை வேற, ஆனாலும் ரெண்டும் ஆண்பால் பன்மை ஒரே வேற்றுமை. இயைபு தேடிப் படிக்கறவங்க இங்க ஜோடிய தவறவிட்டுடுவாங்க. மூணாவது வரியில க்ராதோவுக்கும் அந்த்ரோவுக்கும் நடுவுல அவ பேரயே வச்சிருக்கார்.

புதுசா படிக்கறவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான். அடைய தனியா, பெயர தனியா ஒப்பிக்காதீங்க. ஜோடியா ஒப்பிங்க, அதுவும் ஈறு ஒத்துப்போகாத ஜோடியா பாத்து எடுங்க. நவ்த பொனுஸ், க்வெர்குஸ் அல்த, மனுஸ் தெக்ஸ்த்ர, கொர்புஸ் ஸானும். அஞ்சாவதா தெம்புஸ் ப்ரெவெ, குறைஞ்ச நேரம். பெயரும் அடையும் ஒரே வாய்பாட்டு குடும்பம்தான் (லத்தீன் இலக்கணத்துல மூணாவதுன்னு எண்ணற குடும்பம்), ஆனாலும் "குறைஞ்ச நேரத்துல"ன்னு சொல்ல தெம்பொரெ ப்ரெவீ, பெயர் எகரத்துல முடியுது அடை ஈகாரத்துல முடியுது. இந்த அஞ்சையும் எல்லா வேற்றுமையிலயும் சத்தமா சொல்லிப் பழகினா காது ஈற்ற விட்டுட்டு விவரத்த பிடிக்க ஆரம்பிக்கும். பொண்ணும் பையனும் சேந்து வந்தா அடை ஆண்பால் பன்மை எடுக்கும், நமக்கு அங்க பலர்பால் இருக்கறதால இந்த சிக்கல் இல்ல.

இது கைக்கு வந்ததும் அடுத்து "எவன், எவள், எது"ங்கற இணைப்புச் சொல்லுக்கு போங்க, அங்க ரூல் கொஞ்சம் மாறும். பாலும் எண்ணும் முன்னாடி வந்த பெயர்கிட்டேருந்து எடுக்கும், வேற்றுமைய மட்டும் தன்னோட வாக்கியத்துல தான் செய்யற வேலைய பொறுத்து எடுத்துக்கும். நவ்த க்வெம் விதெஓ பொனுஸ் எஸ்த், நான் பாக்கற மாலுமி நல்லவன். நவ்த எழுவாய், க்வெம் ஆண்பால் ஒருமைதான் ஆனா "மாலுமியை"ங்கற வேற்றுமை, பொனுஸ் திரும்பவும் எழுவாய் வேற்றுமைக்கே வந்து நவ்தகூட சேந்துக்குது.